46-ஆம் பக்கத்தில் ஏன் ஒன்றுமே இல்லை?

ஜெனரேட்டர், டிரையர், ஜெராக்ஸ் மெஷின், எதன் மேனுவலாக இருந்தாலும் சரி, புரட்டிக்கொண்டே போனால் நடுவில் ஒரு பக்கம் வெறுமையாக வந்து நிற்கும். மையத்தில் ஒரே ஒரு வரி: "இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெற்றாக விடப்பட்டுள்ளது." அதான் எழுதியாயிற்றே, அப்புறம் எங்கே வெற்று என்று கேட்பது பழைய கிண்டல். கிண்டலில் நியாயம் உண்டு. ஆனால் குன்னூரில் உட்கார்ந்து தேயிலை மெஷின்களுக்கும் பம்ப்செட்டுகளுக்கும் தமிழில் கையேடு பக்கம் கட்டும் என் போன்றவர்களுக்கு அந்த வரி தினசரிப் பிழைப்பில் வரும் விஷயம். அதைப் போடலாமா வேண்டாமா, பக்க எண் கொடுக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு வேலையிலும் யாராவது கேட்பார்கள். என் கட்சி இதுதான்: காகிதம் கேட்கிற இடத்தில் மட்டும் காலிப் பக்கம் விட வேண்டும், விட்டால் அது விட்டதுதான், விட்டுப்போனதில்லை என்று கையில் வைத்திருப்பவருக்கு அந்தத் தாளே சொல்லிவிட வேண்டும்.

காகிதம் எங்கே கேட்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அச்சகத்தில் யாரும் பக்கம் பக்கமாக அடிப்பதில்லை. பெரிய தாளின் முன்புறம் 8 பக்கம், பின்புறம் 8 பக்கம் என்று அடித்து மூன்று முறை மடித்தால் 16 பக்கமும் வரிசைக்கு வந்துவிடும், அது ஒரு ஃபாரம். ஒரு மடிப்புக்கு 4 பக்கம், இரண்டு மடிப்புக்கு 8. உங்கள் கையேடு 214 பக்கம் வந்தால் 13 ஃபாரத்தில் 208 போய்விடும், மிச்சம் 6. அந்த ஆறுக்காக அரை ஃபாரம், அதாவது 8 பக்கம் போட்டாக வேண்டும், ஆக இரண்டு பக்கம் காலி. நடுவில் பின் அடிக்கிற சின்னப் புத்தகம் என்றால் 4-இன் மடங்கில் நிறுத்தினால் போதும். ஸ்பைரல் போடுவதாக இருந்தால் இந்தக் கணக்கே கிடையாது, தாள் தனித்தனியாகத்தான் நிற்கிறது. இந்த வகைக் காலிப் பக்கங்கள் எல்லாம் புத்தகத்தின் கடைசியில் போய் ஒதுங்கிவிடும், அதனால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

குழப்பம் தருபவை நடுவில் வருபவை. புத்தகத்தில் ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். புது அத்தியாயம் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது. முந்தைய அத்தியாயம் 45-இல் முடிந்துவிட்டால் 46 காலி, அடுத்தது 47-இல் ஆரம்பம். கதைப் புத்தகத்தில் இது வெறும் அழகு, விட்டுவிட்டால் குடி முழுகிப் போகாது. மேனுவலில் இதற்கு வேலை இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிடிசி தேயிலை ஃபேக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது இலையை இரண்டு ரோலருக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை. மெஷின் வந்து இறங்கும்போது கூடவே ஒரு தடிமனான மேனுவலும் வரும். அது டீ மேக்கரின், அதாவது தயாரிப்பைக் கவனிப்பவரின், மேஜை இழுப்பறையில் ஒரே புத்தகமாக ரொம்ப நாள் இருக்காது. வாட்டும் பகுதிக்கு ஓர் அத்தியாயம், இலையை முதலில் நசுக்கும் ரோட்டர்வேனுக்கும் சிடிசிக்கும் ஓர் அத்தியாயம், டிரையருக்கு ஒன்று, சல்லடைக்கு ஒன்று என்று பிரிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போய் அந்தந்த மெஷின் பக்கத்துச் சுவரில் தொங்க ஆரம்பிக்கும். டிரையர் அத்தியாயத்தின் முதல் பக்கம் சிடிசி அத்தியாயத்தின் கடைசித் தாளுக்குப் பின்புறம் அச்சாகியிருந்தால் இந்தப் பிரிவினை நடக்காது, ஒரே தாளை இரண்டு சுவரில் மாட்ட முடியாதே. ஒவ்வொரு அத்தியாயமும் புதுத் தாளில் தொடங்கினால்தான் கிழித்துப் பிரிக்கலாம், ஓர் அத்தியாயம் மட்டும் திருத்தி வந்தால் அதை மட்டும் மாற்றி வைக்கலாம், ஃபிட்டர் கேட்கும் பகுதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம். 46-ஆம் பக்கம் காலியாக இருப்பதற்குக் காரணம் 47-ஆம் பக்கம் தனித்து நிற்க வேண்டும் என்பதுதான்.

இன்னொரு காரணம் எதிரெதிர்ப் பக்கங்கள். உதிரிபாகப் பட்டியலில் இடப்பக்கம் மெஷினைப் பிரித்துப் போட்ட படம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். வலப்பக்கம் அந்த எண்களுக்கான பெயரும் பார்ட் நம்பரும். இரண்டும் ஒரே விரிப்பில் தெரிந்தால்தான் கிரீஸ் கையோடு நிற்பவருக்குப் பயன். படம் முன்புறமும் பட்டியல் பின்புறமுமாகப் போய்விட்டால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தாளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஜோடி கலையாமல் இருப்பதற்காகவும் முன்னால் ஒரு பக்கத்தைக் காலியாக விடுவார்கள். கிழித்து அனுப்ப வேண்டிய வாரண்டி படிவம், வெட்டி எடுத்து வைத்து அளவு பார்க்க வேண்டிய மாதிரி வடிவம், இவற்றின் பின்புறமும் காலியாகத்தான் இருக்க வேண்டும், அங்கே ஏதாவது அச்சாகியிருந்தால் அந்த விஷயமும் சேர்ந்து போய்விடும். வயரிங் படத்தை நீளத் தாளில் அடித்து மடித்து வைக்கிறார்களே, அதைக் கவனித்தால் தையல் ஓரத்தை ஒட்டி ஒரு பக்க அகலத்துக்கு ஒன்றுமே அச்சடித்திருக்காது. அதுவும் வேண்டுமென்றே விட்டதுதான். மடிப்பைப் பிரித்தால் படம் முழுக்க புத்தகத்துக்கு வெளியே வந்து நிற்கும், உள்ளே எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் படம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். யோசித்துச் செய்த காலியிடம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

சரி, காரணம் இருக்கிறது, விட்டாயிற்று. சும்மா விட்டால் போதாதா, அந்த வரி எதற்கு?

காலிப் பக்கம் கோளாறாலும் வரும் என்பதால்தான். ஆஃப்செட் மெஷினில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போனால் அடியில் உள்ள தாளின் ஒரு புறம் அச்சே விழாது. அந்த ஃபாரத்தில் 8 பக்கம் வெள்ளையாகிவிடும், அதுவும் வரிசையாக இல்லை. 16 பக்க ஃபாரத்தில் வழக்கமான முறையில் அடுக்கினால் தாளின் ஒரு புறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும், மறுபுறம் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. உள்புறம் அச்சாகவில்லை என்றால் இரண்டும் மூன்றும் வெள்ளை, நான்கும் ஐந்தும் இருக்கும், ஆறும் ஏழும் வெள்ளை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் எப்போதாவது இப்படி விரிப்பு விரிப்பாக வெள்ளை விழுந்த பிரதி கையில் கிடைத்திருக்கும், கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார். இதிலிருந்து ஒரு கைவைத்தியம் சொல்லலாம்: அத்தியாயத்துக்காக விட்ட காலிப் பக்கம் எப்போதும் இடப்பக்கத்தில்தான், இரட்டைப்படை எண்ணில்தான் வரும். வலப்பக்கம் வெள்ளையாக இருந்து அதில் எந்த வரியும் இல்லை என்றால், பெரும்பாலும் அச்சுக் கோளாறு, சந்தேகப்படுங்கள்.

இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சிடிசியில் இரண்டு ரோலரும் ஒன்றுக்குப் பத்து என்ற வேக வித்தியாசத்தில் எதிரெதிராகச் சுற்றும். அவற்றுக்கு நடுவே இடைவெளி சரிசெய்யும் முறையைப் படித்துக்கொண்டே வருகிறீர்கள், 45-ஆம் பக்கம் ஐந்தாம் படியோடு முடிகிறது, 46 வெள்ளை, 47-இல் வேறு விஷயம். ஆறாம் படி என்று ஒன்று இருந்து அது அச்சாகாமல் போயிற்றா, இல்லை ஐந்தோடு முடிந்ததா? ஆறாம் படியில் "பாதுகாப்பு மூடியைத் திரும்ப மாட்டாமல் மெஷினை ஓட்டாதே" என்று இருந்திருந்தால்? கதையில் ஒரு பக்கம் போனால் கதை புரியாது, இங்கே போவது விரல். அந்த ஒரு வரி இந்தச் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவிடுகிறது, கம்பெனிக்கு போன் போட வேண்டியதில்லை.

மலையில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நியாயம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் காகிதம் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் குன்னூரிலும், ஆனி ஆடியில் கூடலூர், தேவாலா பக்கத்திலும் அதை எதிர்பார்க்கவே முடியாது. பிரித்துவைத்த ரீம் (500 தாள் கட்டு) ராத்திரியோடு ராத்திரியாக ஈரத்தைக் குடித்து ஓரம் நெளிந்துவிடும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இங்கே ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ரீமை உறையோடு வைப்பதும் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவதும் அதற்காகத்தான். தட்டில் இருக்கும் வெறும் தாள் ஒட்டிக்கொண்டால் பிரதியில் ஒரு வெள்ளைத் தாள் கூடுதலாக வந்து விழும். மேலே ஃபீடரில் வைத்த மூலத் தாள் ஒட்டிக்கொண்டால் பிரதியில் ஒரு பக்கமே காணாமல் போகும். ஆக, கையில் இருக்கும் பிரதியில் வெள்ளைப் பக்கம் ஒன்று தெரிந்தால் அது எழுதியவர் விட்டதா, அச்சகம் விட்டதா, மழை விட்டதா என்று தெரிய வேண்டும்.

அதோடு, மலையில் மெஷின்களுக்கு ஆயுசு கெட்டி. பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது. குந்தா நீர்மின் திட்டம் கனடா உதவியோடு வந்தது, அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது. ஊட்டி மலை ரயிலை இழுத்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை, அவற்றின் வகையிலேயே புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்ய வேண்டிவந்தது. சாதாரண தேயிலை ஃபேக்டரியில்கூட அப்பா காலத்து டிரையர் இன்னும் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். மெஷின் நிலைக்கும் அளவுக்குக் காகிதம் நிலைக்காது, அதனால் மேனுவல் என்பது பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று போய்க்கொண்டே இருக்கும். நான்காம் தலைமுறைப் பிரதியில் மூலத்தை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள், எது விடப்பட்டது என்று சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

பிரதி எடுக்கும் இடத்தில் நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடிஎஃபை ஒரு பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, அந்தக் கட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பக்கமாகப் போடச் சொல்வது இங்கே சாதாரணம். கடைப் பையன் கட்டைத் தட்டிப் பார்ப்பான். "அண்ணே, நடுவுல நாலஞ்சு தாள் வெறும் தாளா இருக்கு, எடுத்துரவா?" என்பான். "எடுத்துரு தம்பி, அதுக்கு எதுக்குக் காசு" என்று பதில் வரும். 46 போய்விட்டது. 47 இப்போது 45-இன் பின்புறத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து வலம் இடமாகிவிடும், படமும் பட்டியலும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாகிவிடும், அடுத்த காலிப் பக்கத்தை எடுக்கும் இடத்தில் மறுபடி சரியாகும், அதற்கடுத்ததில் மறுபடி மாறும். பாதிப் புத்தகம் நேராகவும் பாதிப் புத்தகம் புரண்டும் இருக்கும், ஏன் என்று பைண்டிங் முடிந்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வரி அச்சான பக்கம் என்றால் பையன் எடுக்கக் கொஞ்சம் தயங்குவான்.

பையன் தயங்குவது ஒருபுறம், மெஷினும் தயங்கும், அதுதான் பலருக்குத் தெரியாத பயன். இப்போது வரும் ஸ்கேனர்களிலும் ஜெராக்ஸ் மெஷின்களிலும் காலிப் பக்கத்தைத் தானாகத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. பக்கத்தில் எவ்வளவு கருமை இருக்கிறது என்று பார்த்து, ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் தூக்கி எறிந்துவிடும். மூலையில் பக்க எண் மட்டும் இருந்தால் அதையும் காலி என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தால் அந்தத் தாள் பிழைத்துக்கொள்ளும். அதனால் வரியைச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், நாகரிகமாகப் போடுகிறேன் என்று டிசைனர் சொன்னால் கேட்காதீர்கள். கறுப்பில், படிக்கும் அளவில் இருக்கட்டும்.

இந்த ஜாக்கிரதை ஒன்றும் அச்சுத் தொழிலுக்கு மட்டும் சொந்தமில்லை. பொதுப்பணித் துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வேலை அளவுகளைப் பதிவு செய்யும் எம்-புக் இருக்கிறதே, அதில் பக்க எண் மெஷினில் அடித்தே வரும், ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது, தப்பித்தவறி ஒரு பக்கம் காலியாக விடப்பட்டால் குறுக்கே கோடு போட்டு, தேதியோடு கையெழுத்து வைக்க வேண்டும். பணம் பட்டுவாடா ஆகும் புத்தகம், பிறகு யாரும் உள்ளே எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்பது அங்கே காரணம். பொதுத் தேர்வில் எழுதாத பக்கங்களில் குறுக்குக் கோடு போடச் சொல்வதும் அதே வகைதான்.

பக்க எண் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அந்த வரியைவிட இதில்தான் சண்டை அதிகம். காலிப் பக்கத்தையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை, சேர்க்காவிட்டால் வலப்பக்கம் இரட்டைப்படைக்கு மாறிவிடும். எண்ணை அச்சடிப்பதா என்பதுதான் கேள்வி. இலக்கியப் புத்தகங்களில் காலிப் பக்கத்தில் எண் போட மாட்டார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பார்கள். மேனுவலில் நான் போடுவேன். 45-க்குப் பிறகு எண்ணில்லாத தாள், அப்புறம் 47 என்றால் ஒரு நிமிஷம் தேடத்தான் செய்வார்கள். உணவுப் பாதுகாப்புத் தரச் சான்று வாங்கிய ஃபேக்டரிகளில் ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் "பக்கம் 3 / 12" என்று இருக்கும். தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்த்துப் பதினொன்றுதான் இருக்கிறது என்று சொன்னால், அது காலிப் பக்கம் சார், அதனால் எடுத்துவிட்டோம் என்ற பதில் எடுபடாது.

அமெரிக்க ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகளில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள். காலிப் பக்கத்தில் எதையும் அச்சடிக்காமல், அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் 3-9/(3-10 காலி) என்ற வடிவில் எண் போட்டுவிடுவார்கள். பின்புறம் காலி என்று முன்புறமே சொல்லிவிடுகிறது, காலிப் பக்கம் நிஜமாகவே காலியாக இருக்கிறது, கிண்டல் செய்பவர்களுக்கும் வேலை இல்லை. இதில் 3 என்பது அத்தியாயம். அத்தியாயவாரியாக எண் கொடுப்பதில் இன்னொரு லாபம், மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் கூடினால் நான்காம் அத்தியாயத்தின் எண்கள் அசையாது.

விமானப் பராமரிப்புக் கையேடுகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. காகிதத்தில் வரும்போது அவை தைத்த புத்தகமாக வருவதில்லை, துளையிட்டு வளையத்தில் கோத்த தனித்தாள்கள். திருத்தம் வந்தால் சம்பந்தப்பட்ட தாள்களை மட்டும் உருவி எறிந்துவிட்டுப் புதியவற்றைச் செருக வேண்டும். எந்தப் பக்கம் எந்தத் தேதியில் வந்தது என்று முன்னால் ஒரு பட்டியல் இருக்கும், அதை வைத்து ஒவ்வொரு தாளாகச் சரிபார்க்கலாம். ஒரு பகுதியை நீக்கிவிட்டால்கூட இந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டன என்று சொல்லும் தாள் அந்த இடத்தில் வரும். நடுவில் புதிதாகச் சேர்ப்பதென்றால் 12-க்கும் 13-க்கும் இடையே 12ஏ, 12பி என்று வரும், 12ஏ-யில் மட்டும் விஷயம் இருந்தால் 12பி காலி. மாறிய வரிகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் செங்குத்துக் கோடு. தேயிலை டிரையருக்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து, ஆனால் அத்தியாயவாரி எண் நிச்சயம் வேண்டும்.

இனி கம்ப்யூட்டரில் எப்படி. பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் காலத்தில் காலிப் பக்கத்தைக் கையால் செருகினோம், முன்னால் ஒரு பத்தி கூடினால் எல்லாம் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த இன்டிசைனில் பல கோப்புகளைச் சேர்த்துப் புத்தகமாக்கும்போது அடுத்த ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கு, இடையில் காலிப் பக்கம் போடு என்று சொல்லிவிடலாம். வேர்டில் ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கும் செக்‌ஷன் பிரேக் உண்டு, அதில் ஒரு சள்ளை: இடையில் வரும் காலிப் பக்கம் திரையில் தெரியாது, எண் 45-லிருந்து 47-க்குத் தாவும், பிரிண்ட் எடுத்தால்தான் வெள்ளைத் தாள் வரும், அதில் தலைப்பும் வராது, அடிக்குறிப்பும் வராது, நீங்கள் ஒரு வரி எழுத நினைத்தாலும் கர்சர் அங்கே போகாது. ஃபீல்டு கோடு எழுதி ஏமாற்றும் வழி ஒன்று இருக்கிறது, பழகாதவர்களுக்குத் தலைவலி. பேசாமல் வேலை முழுக்க முடிந்த பிறகு சாதாரண பேஜ் பிரேக் கொடுத்து ஒரு பக்கத்தை உண்டாக்கி வரியைத் தட்டச்சு செய்துவிடுவது நல்லது. லேடெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் புத்தக வகை ஆவணமே அத்தியாயத்தை வலப்பக்கத்தில்தான் தொடங்கும், ஆனால் காலிப் பக்கத்தின் தலையில் முந்தைய அத்தியாயத்தின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும், அதை அகற்ற 'எம்ப்டிபேஜ்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. எக்ஸ்எம்எல் என்ற குறிமொழிக் கோப்பிலிருந்து கையேடு தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மொழியான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ 2001-இல் தரமாக வந்தபோதே காலிப் பக்கத்துக்கென்று தனி வார்ப்பு வைத்துக்கொள்ள வழிசெய்திருந்தது. வலைப்பக்கங்களை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் அச்சுப் பகுதியிலும் பக்க விதியில் 'பிளாங்க்' என்ற தேர்வு இருக்கிறது, அந்த வரியை அதில் ஒருமுறை எழுதிவிட்டால் எங்கெல்லாம் காலிப் பக்கம் விழுகிறதோ அங்கெல்லாம் அதுவே வந்துவிடும். பெரிய வேலைக்கு இதுதான் சரி, மனுஷன் ஞாபகத்தை நம்பக் கூடாது.

தமிழில் மொழிபெயர்த்து வரும் மேனுவல்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில மூலத்தில் எங்கெங்கே காலிப் பக்கம் இருக்கிறதோ அங்கெல்லாம் தமிழிலும் போட்டுவிடுவார்கள், மூலத்தை மதிக்கிறார்களாம். தமிழ் வாக்கியம் இடம் கூடுதலாகப் பிடிக்கும், 44-இல் முடிந்த அத்தியாயம் தமிழில் 47 வரை ஓடும், 62-இல் முடிந்தது 68-க்குப் போகும். மூலத்தின் காலிப் பக்கங்கள் மூலத்தின் தாளுக்கான கணக்கு, அவற்றை அப்படியே கொண்டுவந்தால் தேவையில்லாத இடத்தில் வெள்ளையும் தேவையான இடத்தில் ஒட்டலும் வரும். மொழிபெயர்ப்புக் கோப்பில் முதலில் பழைய காலிப் பக்கங்களையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எதிரெதிராகப் போடும் இருமொழிக் கையேட்டில் இன்னும் வேடிக்கை: ஆங்கிலம் முடிந்துவிடும், தமிழ் தொடரும், அடுத்த இடப்பக்கம் காலி. அங்கே வெறும் "வெற்றாக விடப்பட்டுள்ளது" போதாது, தமிழ்ப் பகுதி எதிர்ப்பக்கத்தில் தொடர்கிறது என்று சொன்னால்தான் ஆங்கிலம் படிப்பவருக்கு ஏதோ விட்டுப்போயிற்று என்ற எண்ணம் வராது.

பொதுவாகவே எனக்கு "வேண்டுமென்றே" வரியைவிடப் பிடித்தது, "இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. அத்தியாயம் 5, பக்கம் 47-இல் தொடங்குகிறது" என்ற மாதிரி. படிப்பவருக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் கிடைத்துவிடுகிறது.

எல்லாக் கையேட்டுக்கும் இதெல்லாம் தேவையா என்றால், இல்லை. 40 பக்கக் கையேட்டில் ஒன்பது அத்தியாயம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வலப்பக்கத்தில் ஆரம்பித்தால் எட்டுப் பக்கம் வரைகூட வெள்ளையாகிவிடலாம், யாரும் அதைப் பிரித்துச் சுவரில் மாட்டப்போவதும் இல்லை. தொடர்ந்து ஓட விடுங்கள். காசுக் கணக்கும் பாருங்கள்: ஒரு பிரதிக்கு 12 காலிப் பக்கம் என்றால் 6 தாள், 1000 பிரதிக்கு 6000 தாள், அதாவது 12 ரீம். 70 ஜிஎஸ்எம் ஏ4 என்றால் ஏறக்குறைய 26 கிலோ காகிதம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தது.

செல்போனில் பார்ப்பதற்கான பிடிஎஃப் என்றால் காலிப் பக்கத்துக்கு இடமே கிடையாது. வலம் இடம் என்று ஒன்று அங்கே இல்லை, விரலால் தள்ள வேண்டிய ஒரு வெள்ளைத் திரை மட்டும்தான் மிச்சம், மஞ்சூர்ப் பக்கம் சிக்னல் மங்கலாக இருக்கும்போது வெள்ளைத் திரை வந்தால் பக்கம் இன்னும் இறங்கவில்லை என்றே நினைப்பார்கள். ஆனால் எடுத்துவிட்டு எண்ணைத் தொடர்ச்சியாக மாற்றினால் அச்சுப் பிரதிக்கும் இதற்கும் எண் ஒத்துப்போகாது, போனில் "83-ஆம் பக்கத்தைப் பாருங்க சார்" என்று சொல்பவர் ஒன்றைப் பார்ப்பார், கேட்பவர் வேறொன்றைப் பார்ப்பார். எடுத்துவிட்டு எண்ணை மட்டும் பழையபடி வைத்தால் 45-க்குப் பிறகு 47, மறுபடி பக்கம் காணோம் என்ற கூச்சல். இதற்கு உருப்படியான தீர்வு, குறிப்புகளில் பக்க எண்ணையே நம்பாமல் பகுதி எண்ணைச் சொல்வது. "5.3-ஐப் பாருங்க" என்றால் காகிதத்திலும் திரையிலும் ஒரே இடம்தான். ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு பிடிஎஃப் எடுத்து, எது எதற்கு என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் அந்த ஜெராக்ஸ் கடைக் குளறுபடியும் பாதி குறையும்.

மிஞ்சுவது கடைசி ஃபாரத்தின் காலிப் பக்கங்கள். அவற்றில் அந்த வரியைப் போட்டு வீணாக்க வேண்டாம், படிப்பவருக்குக் கொடுத்துவிடலாம். "குறிப்புகளுக்காக" என்று தலைப்பிட்டு வெறும் கோடு போடுவது சோம்பேறித்தனம். பேரிங் மாற்றிய தேதி, பெல்ட் அளவு, ரோலர் கூர்மை தீட்டிய தேதி, கிரீஸ் வகை என்று கட்டம் போட்டுக் கொடுங்கள், ஃபிட்டர்கள் எழுதுவார்கள். எப்படியும் அவர்கள் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுவில் வரும் காலிப் பக்கங்களில் மட்டும் இப்படிக் கட்டம் வேண்டாம், அத்தியாயத்தைத் திருத்தி மாற்றும்போது கையால் எழுதியதும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அப்புறம், எழுதச் சொல்லிப் பக்கம் விடுவதாக இருந்தால் அந்த ஃபாரத்தையாவது பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அடியுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பால்பாயிண்ட் வழுக்கும், எண்ணெய்க் கை பட்டால் மையும் இழுவிவிடும்.